கருங்குழி மணியக்காரர் இல்லம்: நெய்வேலி வட்டாரத்து வேளாண் குடியிருப்பின் கட்டடமும் வரலாறும்

முன்னுரை

தமிழகக் கட்டடக்கலை வரலாறு பெரும்பாலும் கோயில்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அரண்மனைகளும் செட்டிநாட்டு இல்லங்களும் அதற்கடுத்த இடத்தைப் பெற்றன. மண்ணும் ஓலையும் கொண்டு எழுந்த உழவர் வீடுகளோ நிலைத்து நில்லாதவை எனும் காரணத்தால் ஆய்வெல்லைக்கு வெளியே நின்றன. வடக்குத்து, வடலூர், கருங்குழி முதலிய ஊர்களைக் கொண்ட நெய்வேலிச் சுற்றுப்புறத்தில் இப்புறக்கணிப்பின் விளைவு பெரிது. இங்குப் பல ஊர்களில் வீடுகள் மட்டுமன்றி அவை நின்ற மண்ணும் அகழப்பட்டுவிட்டது. இந்நிலையில், 19ஆம் நூற்றாண்டு வேளாண் குடும்பமொன்றின் இல்லம் எழுத்துச் சான்றுகளில் இடம்பெற்றிருப்பது கருதத்தக்கது. அது கருங்குழி மணியக்காரர் வேங்கட ரெட்டியாரின் இல்லமாகும்.

வட்டாரத்து வீட்டமைப்பு

இவ்வட்டாரம் கடலூர் மணற்கல் படிவத்தின்மேல் அமைந்த செம்மண் நிலம். பலாவும் முந்திரியும் இதன் அடையாளப் பயிர்கள். இம்மண்ணைக் குழைத்துப் படைபடையாக ஏற்றிய சுவர், பனைவாரை, விழலோ பனையோலையோ வேய்ந்த கூரை என்பன எளிய உழவர் வீட்டின் உறுப்புகள். வசதி மிக்கோர் நாட்டு ஓடு வேய்ந்தனர். முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம் விட்டனர். தெருவை நோக்கிய திண்ணை, நெல் சேமிக்கும் குதிர், மாட்டுத் தொழுவம், களம், வைக்கோற்போர் ஆகியவற்றைச் சேர்த்தே வீடு என்பதைப் பொருள்கொள்ள வேண்டும். இவற்றுள் நெல்லும் மாடும் பெற்ற பரப்பு மனிதர் உறங்கும் பரப்பினும் குறைந்ததன்று. ஊரின் நிலவரித் தண்டலுக்குப் பொறுப்பேற்ற மணியக்காரரின் வீட்டுக்கோ மற்றொரு பயனும் உண்டு. அது ஊரார் வந்துசெல்லும் பொதுவிடமாகவும் இயங்கியது.

விளக்கும் கலயமும்

வள்ளலார் 1858 முதல் 1867 வரை வேங்கட ரெட்டியாரின் இல்லத்தில் தங்கியிருந்தார். தண்ணீரால் விளக்கெரிந்த நிகழ்ச்சி இங்கு நடந்ததாக அவருடைய வரலாற்று நூல்கள் கூறும். எண்ணெய்க் கலயம் உடைந்துபோகப் புதுக்கலயம் ஒன்றில் நீரூற்றிப் பழக்கிவைத்த ரெட்டியாரின் மனைவியார் முத்தியாலம்மை வெளியூர் சென்றிருந்தார். அடிகளார் அந்நீரையே எண்ணெயெனக் கருதி விளக்கில் வார்த்தார். விளக்கு இரவு முழுதும் எரிந்தது. அற்புதத்தின் மெய்ம்மையை ஆராய்வது இங்கு நோக்கமன்று. அதனைச் சொல்பவர்கள் கருதாமலேயே விட்டுச்சென்ற வீட்டுச் செய்திகள்தாம் கட்டட வரலாற்றுக்கு வேண்டியவை.

முதலாவது, விருந்தினர்க்கெனத் தனியிடமும் தனிவிளக்கும் இருந்தன. திண்ணையில் படுத்தெழும் வழிப்போக்கர் நிலையன்று இது. அடுத்து, எண்ணெய் அவ்விடத்திலேயே கைக்கெட்டும் தொலைவில் வைக்கப்பட்டது. மட்கலம் எண்ணெயை உறிஞ்சாதிருக்க நீரூற்றிப் பழக்கும் வழக்கமும், இருப்புப் பொருள்களின் பொறுப்பு இல்லத்தலைவியின் கையில் இருந்தமையும் இதனால் தெளிவாகின்றன. புனைவின் கூறு மிகுந்த கதையாயினும் கேட்போர் நம்புதற்பொருட்டு அதன் புறச்சூழல் நடைமுறைக்கு ஒத்ததாகவே இருந்திருக்கும். பக்தி வரலாறுகளைப் புழங்குபொருள் வரலாற்றுக்குப் பயன்படுத்த இவ்வாசிப்பு முறை இடந்தருகிறது.

1867இல் வடலூர் மக்கள் அளித்த 80 காணி நிலத்தில் சத்திய தருமச்சாலை தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் அது மண்சுவரும் விழற்கூரையும் கொண்டிருந்தது என்பர். எனின், உழவர் வீட்டின் கட்டுமுறையே அப்பொது நிறுவனத்தின் முதல் வடிவமாகும். 1872இல் வழிபாடு தொடங்கிய எண்கோண ஞானசபையைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். இம்மண்கட்டடம் அத்தகைய கவனம் பெறவில்லை. கருங்குழி இல்லமும் இன்று வள்ளலார் உறைந்த இடமாகவே போற்றப்படுகிறது. விருந்தினரால் வீடு நினைவில் நின்றது. அவரைப் பேணிய வேளாண் குடும்பத்தின் களமும் குதிரும் அந்நினைவில் இடம்பெறவில்லை.

அகழ்வும் ஆவணமும்

1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரும்பொருள் வெளிப்பட்டது. பாசனத்துக்கு நீர் தேடிய முயற்சியே நிலக்கரிக்கு வழிகாட்டியது எனலாம். 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவாயிற்று. 1957 மே 20 அன்று சுரங்கப்பணியை நேரு தொடங்கிவைத்தார். திறந்தவெளிச் சுரங்க முறையில் நிலக்கரிக்கு மேலுள்ள மண் முழுவதும் அகற்றப்படும். எனவே தொல்லியலாளர் பின்னாளில் அகழ்ந்து காண்பதற்கு அங்கு வீட்டின் அடித்தளமும் எஞ்சாது.

நேரடிச் சான்று அழிந்த இடத்தில் நிலமெடுப்பு ஆவணங்கள் பயன்படக்கூடும். 1894ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டத்தின்படி இழப்பீடு கணிக்கும்போது கட்டடம், கிணறு, மரம் ஆகியவற்றைத் தனித்தனியே மதிப்பிடுவது வழக்கமாக இருந்தது. சுவரின் அளவு, கூரையின் வகை, கதவுநிலையின் மரம் முதலியன விலை கணிப்பதற்காகக் குறிக்கப்பட்டவை. பழைய வீட்டுக்குத் தேய்மானம் கழிக்கப்பட்டதால், வீட்டின் தொன்மை அங்கு உரிமையாளருக்கு இழப்பாகவே அமைந்தது. ஆய்வாளருக்கு அதே குறிப்பு காலத்தைக் கணிக்கும் சான்றாகும். அலுவலகப் பதிவேடுகள் காலவரம்பு கடந்தபின் கழிக்கப்படுவதும் நடைமுறையே. ஆதலின் எஞ்சியுள்ள மதிப்பீட்டுப் பட்டியல்களைப் படியெடுத்து, இடம்பெயர்ந்த குடும்பங்களின் வாய்மொழியோடு ஒப்பிடுவது இவ்வட்டார வீட்டு வரலாற்றில் முதலில் செய்யவேண்டிய பணியாகும்.