ரிசீவர் என் காதில்

அப்பாவுக்குக் காது கேட்காது. பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் ஸ்வெயின்சன் தொடங்கிய பள்ளியில் படித்தவர். 1990களில் தென்காசி எஸ்.டி.டி. பூத்தில் ரிசீவர் என் காதில் இருக்கும், கண் அப்பா கையில். ‘குத்தாலத்துல தண்ணி விழுதா?’ என்று மதுரைச் சித்தப்பா கேட்பார். தலைக்கு மேலிருந்து விரல்களை உதிர்த்துக் காட்டுவேன். கடன்காரர் பேச்சை மட்டும் பாதி விழுங்கிவிடுவேன். பத்து வயசில் அது பாசம். மொழிபெயர்ப்புத் தொழிலில் அது பிழை.

நான் பூத்தில் செய்ததைத் தொழிலாகச் செய்வதுதான் வீடியோ ரிலே அழைப்பு: காது கேட்காதவர் வீடியோவில் சைகை செய்ய, நடுவிலிருப்பவர் அதை மறுமுனைக்குப் பேச்சாகச் சொல்வார். அதை அமெரிக்க அரசு 2000இல் ஏற்றது. இங்கோ, டெல்லியில் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மையம் 2015இல்தான் வந்தது. இப்படி மொழிபெயர்ப்பவர் ‘அவர் சொல்றார்’ என்றல்ல, ‘நான்’ என்றே பேசவேண்டும். கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது, கேட்டதை வெளியே சொல்லக்கூடாது. மூன்றிலும் நான் தேறியிருக்கமாட்டேன்.

இந்தச் சாரலில் ஐந்தருவி முன் நின்று, பள்ளித் தோழருக்கு வீடியோவில் அப்பாவே கை அசைத்துக்கொண்டிருந்தார். நான் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.