அண்ணாமலைச் சரிவும் மொரம்பு மண்ணும்

2024 டிசம்பர் 1ஆம் தேதி மாலை, திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலையிலிருந்து மண்ணும் பாறையும் இறங்கி ஒரு வீட்டை மூடிவிட்டது. உள்ளே இருந்த ஏழு பேரும் இறந்துபோனார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தும், எல்லோரையும் வெளியே எடுக்க டிசம்பர் 3 வரை ஆயிற்று.

அந்த வாரம் ஆரணி, போளூர்ப் பக்கம் பெரியவர்கள் பலரும் ஒன்றையே கேட்டார்கள்: "அண்ணாமலை கூடவா சரியும்? அது நீலகிரி இல்லையே, கல்மலை ஆயிற்றே!" நியாயமான கேள்விதான். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் அங்கேயே பல மணி நேரம் நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ. மழை. பிறகு மெல்ல மேற்கே விழுப்புரம், திருவண்ணாமலை வழியாக வந்தது. ஆனால் மழையை மட்டும் குற்றம் சொன்னால் பாதிக் கதைதான். மீதிக் கதை கல்லில் இருக்கிறது.

நம் மாவட்டத்து மலைகளில் அதிகம் இருப்பது சார்னோக்கைட், நைஸ் என்னும் பழம்பாறைகள். வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. சார்னோக்கைட் என்ற பெயர் வந்த விதம் வேடிக்கையானது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக்குக்குச் சென்னைப் பக்கத்திலிருந்து கொண்டுபோன கல்லில் சமாதி வைத்தார்கள். 1893இல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அந்தக் கல்லைப் பார்த்து, நம் ஊர்ப் பாறைக்கு அந்த வெள்ளைக்காரர் பெயரையே வைத்துவிட்டார்!

இவ்வளவு கெட்டியான கல்லும் கரையும். மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகத்தான் இறங்குகிறது. பாறை வெடிப்புகளில் நுழைந்து, அதிலுள்ள ஃபெல்ஸ்பாரைக் களிமண்ணாக மாற்றுகிறது. இரும்பு துருப்பிடித்து மண் சிவக்கிறது. மூலைகள் முதலில் கரைவதால் நடுக்கல் உருண்டையாக மிஞ்சும். மலைமேல் உட்கார்ந்திருக்கும் உருண்டைப் பாறைகள் பலவற்றை யாரும் உருட்டி வைக்கவில்லை. சுற்றியிருந்த கல் மண்ணாகிப் போனதால் நிற்பவை. கிணறு வெட்டியவர்களுக்கு இது தெரிந்த கணக்கு: மேலே மண், அதற்குக் கீழே மொரம்பு, அதற்கும் கீழே கருங்கல்.

சரிவான இடத்தில் இதே அடுக்கை நினைத்துப் பாருங்கள். மொரம்பு தண்ணீரைக் குடிக்கும், கருங்கல் குடிக்காது. இரண்டும் சேரும் இடத்தில் நீர் தேங்கி, மேல்மண்ணை உள்ளிருந்து தூக்குகிறது. ஆரணியில் குழித்தறி வைத்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடைமழையில் கூரை ஒழுகாவிட்டாலும் தறிக்குழியில் கீழிருந்து ஊற்று வந்துவிடும். அப்படித்தான் மலைச்சரிவிலும். ஐப்பசி முழுக்கப் பெய்து ஊறிப்போன மண்ணில் கார்த்திகையில் ஒரு புயல் வந்தால், அதன்மேல் அமர்ந்திருக்கும் உருண்டைக் கல்லுக்குப் பிடிமானம் போய்விடுகிறது. மரம் வெட்டினாலும், வீட்டுக்காக அடிவாரத்தைக் குடைந்தாலும் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

அப்படியானால் நம் திருமலை? ராஜராஜனின் தமக்கை பெயரில் குந்தவை ஜினாலயம், ராஜேந்திரனின் கல்வெட்டு, பாறையிலேயே செதுக்கிய ஏறத்தாழ பதினாறு அடி நேமிநாதர், பாறை நிழலில் ஓவியங்கள். நூற்றாண்டுகளாக நிற்கின்றன. அங்கே பெரும்பாலும் மண்போர்வை இல்லாத வெறும் பாறை. மழை வழிந்து ஓடிவிடுகிறது. 2,668 அடி உயரமுள்ள அண்ணாமலையின் சரிவுகளிலோ மண்ணும் உதிரிக்கல்லும் போர்த்திக்கிடக்கின்றன. சமணர்கள் இடம் பார்த்துத்தான் குடியேறினார்கள் என்று எனக்குத் தோன்றும்.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். அதனால் சவ்வா பகுதியின் கிரனியே மலை நினைவுக்கு வருகிறது. 1248 நவம்பரில், பெருமழைக்குப் பின் ஓர் இரவில், அதன் சுண்ணாம்புப் பாறை அடியிலிருந்த களிப்பாறைமேல் வழுக்கி ஊர்களை மூடியது. ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். மண் மியான் என்ற ஊரின் மாதா கோவில் அருகே நின்றதாம். சாத்தான் தள்ளியதை மாதா தடுத்தாள் என்று மக்கள் நம்பினார்கள். அந்த இடிபாட்டின்மேல் இன்று திராட்சைத் தோட்டம்!

நீலகிரியில் 1978, 1993, 2009 என்று பெருஞ்சரிவுகள் எல்லாம் நவம்பரில்தான். 2009இல் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்தது, மாவட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் மாண்டார்கள். அங்கும் அதே சார்னோக்கைட்தான். மண்போர்வை மட்டும் பல மடங்கு தடிமன்.

வ.உ.சி. நகர்க்காரர்களை "மலையில் போய் ஏன் வீடு கட்டினார்கள்?" என்று கேட்பவர்கள்மேல் எனக்குக் கோபம்தான் வரும். ஊருக்குள் மனை வாங்க முடிந்தவன் மேட்டுக்கு ஏறமாட்டான். சரிவில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. சுவரிலோ தரையிலோ புது வெடிப்பு, சாய்ந்த மரமோ மின்கம்பமோ, தெளிவாக வந்த ஓடை திடீரென்று கலங்கி வருவது, இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்த இரவு அங்கே படுக்கக் கூடாது.

அந்த ஆண்டு டிசம்பர் 13 அன்று தீபம் வந்தது. ஈரம் காயாத மலையைப் பார்த்த வல்லுநர்கள் கூட்டம் ஏறுவது ஆபத்து என்றார்கள். கொப்பரையும் நெய்யும் சுமந்தவர்கள் மட்டும் மேலே போனார்கள். பக்தர்கள் கீழே நின்று கும்பிட்டார்கள்.