இல்லாத நுனி

எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவருக்கு ஒரே பையன். கல்லூரியில் படிக்கிறான். நல்ல பிள்ளை. என்னைக் கண்டால் "வாங்க மாமா" என்று வாய் நிறையக் கூப்பிடுவான். அவனிடம் ஒரே ஒரு குறைதான் உண்டு. சென்ற வருஷம் ஒரு ஸாக்ஸபோன் வாங்கிவிட்டான்.

நான் தொடர்கதையின் அத்தியாயத்தை முடிக்க உட்காரும் நேரமும், அவன் சாதகம் செய்ய உட்காரும் நேரமும் எப்படியோ ஒன்றாகவே வாய்த்தன. கீழே என் கதாநாயகி கண்ணீர் விடத் தொடங்குவாள்; மேலே வாத்து ஒன்று கழுத்து நெரிபட்டதுபோல் கத்தும். கல்யாண பாண்டுக்காரர்கள் கையில் பார்த்த வாத்தியம்தானே, அதற்குச் சங்கீதமாவது மண்ணாவது என்பது அந்நாளில் என் அபிப்பிராயம். ஒரு மாலை பொறுக்க முடியாமல் மாடி ஏறினேன். சண்டை போடத்தான் போனேன். போன இடத்தில் பையன் அழாத குறையாக உட்கார்ந்திருந்தான்.

"என்ன தம்பி?" என்றேன்.

"கீழ் ஸட்ஜம் சரியாகச் சேர்கிறது, மாமா. அதே விரலில் மேல் ஸட்ஜம் ஊதினால் சுருதி ஏறிப் போகிறது. மவுத்பீஸை வெளியே இழுத்தால் கொஞ்சம் இறங்குகிறது. இன்னும் இழுத்தால் கழன்று கையோடு வந்துவிடும்போல் இருக்கிறது."

புதிதாக வாங்கிய அந்த மவுத்பீஸைக் காட்டினான். தங்கம்போல் மின்னும் உலோகம். உள்ளே எட்டிப் பார்த்தேன். சுண்டு விரல் நுழையாத சின்னஞ்சிறு பொந்து. சண்டைக்குப் போனவன் வேறு வேலையில் மாட்டிக்கொண்டேன். ஒரு மாத காலம் ஸாக்ஸபோனின் கதையைத் தேடித் தேடிப் படித்தேன்.

கதை 1814-ஆம் ஆண்டு, இன்றைய பெல்ஜியத்தில் உள்ள டினான் என்ற ஊரில் தொடங்குகிறது. அந்த வருஷம் நவம்பர் 6-ஆம் தேதி பிறந்தவர் அடோல்ப் ஸாக்ஸ். தகப்பனார் வாத்தியங்கள் செய்யும் தொழிலாளி. பையன் மாடிப்படியிலிருந்து உருண்டான், ஊசியை விழுங்கினான், ஆற்றில் மூழ்கப் பார்த்தான் என்றெல்லாம் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் தப்பித்து, 24-ஆவது வயதுக்குள் மந்தர ஸ்தாயி கிளாரினெட்டைத் திருத்தி அமைத்து அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

கிளாரினெட்டில் ஒரு சங்கடம் உண்டு. அதன் குழாய் உள்ளே பெரும்பாலும் ஒரே அகலம். அப்படிப்பட்ட குழாயில் ஒரு முனையில் ரீட் வைத்து ஊதினால், ஸட்ஜத்திலிருந்து அடுத்த தாவல் மேல் ஸட்ஜத்துக்குப் போகாது. அதையும் தாண்டி மேல் பஞ்சமத்துக்குப் போய்விடும். ஆகவே கீழே ஒரு விரலமைப்பு, மேலே வேறொன்று. ஆனால் குழாய் கூம்பாக விரிந்துகொண்டே போனால், தாவல் ஒழுங்காக மேல் ஸட்ஜத்தில் வந்து நிற்கும். ஸாக்ஸ் ஓர் அகன்ற பித்தளைக் கூம்பைச் செய்து, அதன் தலையில் கிளாரினெட்டைப் போன்ற ஒற்றை ரீட் மவுத்பீஸைப் பொருத்தினார். பித்தளையின் கம்பீரமும் மரக்குழலின் குழைவும் சேர்ந்த ஒரு குரல் பிறந்தது.

அதை எடுத்துக்கொண்டு அவர் பாரிஸுக்குப் போனார். 1842-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இசை மேதை பெர்லியோஸ் ஒரு பத்திரிகையில் அந்தக் குரலை வானளாவப் புகழ்ந்து எழுதினார். 1845 ஏப்ரல் 22-ஆம் தேதி ஷான் த மார்ஸ் மைதானத்தில், பழைய ராணுவ பாண்டுக்கும் ஸாக்ஸ் அமைத்த பாண்டுக்கும் ஜனசமுத்திரத்தின் நடுவே போட்டி நடந்தது. ஸாக்ஸின் கட்சி ஜெயித்தது. 1846-இல் ஸாக்ஸபோனுக்குக் காப்புரிமை கிடைத்தது.

ஜெயித்தவனுக்குத்தானே விரோதிகள்! மற்ற வாத்தியத் தயாரிப்பாளர்கள் ஒன்று சேர்ந்து வழக்குக்கு மேல் வழக்காகப் போட்டார்கள். 1852, 1873, 1877 என்று மூன்று முறை மனிதர் திவாலானார். 1853-இல், ஊதுகிறவனுக்கு உயிரான உதட்டிலேயே ஒரு கட்டி கிளம்பிச் சில ஆண்டுகள் வதைத்தது. பாரிஸ் சங்கீதக் கல்லூரியில் 1857 முதல் ராணுவ மாணவர்களுக்கு ஸாக்ஸபோன் கற்றுக்கொடுத்தார். 1870-இல் யுத்தம் வந்தது, வகுப்பு மூடப்பட்டது. 1894-இல் அவர் காலமானபோது கையில் காசில்லை. அந்த வகுப்பு மறுபடி திறக்க 1942 வரை ஆயிற்று. எழுபத்திரண்டு வருஷம் குரு சிஷ்யப் பரம்பரை அங்கே அறுந்து கிடந்தது. பின்னால் வந்த சண்டைக்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

சண்டையைச் சொல்லுமுன் மாடிப் பையனின் மேல் ஸட்ஜத்தைச் சொல்லிவிட வேண்டும்.

நாதஸ்வரத்தின் சீவாளியில் தட்டைகள் இரு பக்கமும் ஒன்றையொன்று பார்த்திருக்கும். ஸாக்ஸபோனில் ஒரு பக்கம்தான் தட்டை. எதிர்ப்பக்கம் மவுத்பீஸின் விளிம்பு. தட்டையின் நுனி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே தடிமன் உள்ளது. அது ஒரு கதவு. ஊதும் காற்று அதை மூடப் பார்க்கிறது. குழாய்க்குள் போய்த் திரும்பி வரும் ஒலி அலை அதைத் திறந்து விடுகிறது. வினாடிக்கு 440 தடவை திறந்து மூடினால் 440 அதிர்வுள்ள ஸ்வரம் கேட்கும். எவ்வளவு வேகமாகத் திறந்து மூட வேண்டும் என்று உத்தரவிடுவது பெரும்பாலும் குழாய்தான். ஆனால் அந்த உத்தரவு சரியாக இருக்க வேண்டுமானால், குழாய் முழுக் கூம்பாக இருக்க வேண்டும்.

இங்கேதான் வேடிக்கை. முழுக் கூம்பு என்றால் அதன் நுனி ஊசிமுனையாக முடியும். ஊசிமுனையில் எப்படி ஊதுவது? ஆகவே நுனியை வெட்டியாக வேண்டும். வெட்டினால் கூம்பின் குணம் கெடும். மேல் ஸ்தாயி கீழ் ஸ்தாயியோடு ஒத்துப் போகாது. பரிகாரம் ஒன்றே ஒன்று: வெட்டிய நுனிக்குள் எவ்வளவு காற்று அடங்கியிருக்குமோ, ஏறக்குறைய அவ்வளவு இடத்தை மவுத்பீஸின் வயிறு தர வேண்டும். ரீடின் நெகிழ்ச்சியும் அந்தக் கணக்கில் சேரும். இல்லாத நுனி இருப்பதுபோல் மவுத்பீஸ் நடிக்க வேண்டும். வேஷம் பலித்தால் ஸட்ஜங்கள் இரண்டும் சேரும். இதை விரிவாக ஆராய்ந்து சொன்னவர்களில் முக்கியமானவர் ஆர்தர் பெனேட் என்ற அமெரிக்க விஞ்ஞானி. இசை ஒலியியலைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 1976-இல் வெளியாயிற்று. ஸாக்ஸ் காதை மட்டுமே நம்பிச் செய்ததற்கு, நூறு வருஷத்துக்கும் பின்னால் கணக்கு எழுதினார்கள்.

பையனின் பளபளப்பான மவுத்பீஸில் வயிறு போதவில்லை. அதை ஈடுகட்டத்தான் அவன் வெளியே வெளியே இழுத்தான். இழுக்க இழுக்க உள்ளே இடம் கூடும். ஆனால் இழுப்பதற்கும் ஓர் எல்லை உண்டல்லவா?

ஸாக்ஸ் செய்த மவுத்பீஸ்கள் மரத்தால் ஆனவை. உள்ளே வட்டமாகக் குடைந்து, நல்ல விசாலம். அதனால் குரல் இருண்டு, மிருதுவாக வந்தது. 1920-களிலும் 30-களிலும் அமெரிக்காவில் நடன மண்டபங்கள் பெருகின. டிரம்பெட்டுக்கும் டிராம்போனுக்கும் நடுவில் உட்கார்ந்த ஸாக்ஸபோன்காரனுக்குத் தன் குரல் தனக்கே கேட்கவில்லை. ஆகவே மவுத்பீஸின் வயிற்றைச் சுருக்கினார்கள். ரீட் நுனிக்கு எதிரே உள்ள உட்கூரையை ரீடை ஒட்டி உயர்த்தினார்கள். மேல் அதிர்வுகள் வலுத்தன. குரல் வெளிச்சமாயிற்று, கத்திபோல் கூர்மையாயிற்று. இன்று ஸாக்ஸபோன் என்றதும் நம் காதில் ஒலிக்கும் குரல், பெரும்பாலும் ஸாக்ஸ் கேட்காத குரல்!

இதைப் பொறுக்காதவர் ஒருவர் இருந்தார். ஸிகுர்ட் ராஷர், 1907-இல் ஜெர்மனியில் பிறந்தவர். ஹிட்லர் பதவிக்கு வந்த 1933-இல் நாட்டைவிட்டு வெளியேறி, பின்னர் அமெரிக்காவில் குடியேறினார். "ஸாக்ஸ் வைத்த வயிறுதான் வேண்டும், மற்றதெல்லாம் வேறு வாத்தியம்" என்பது அவர் கட்சி. கடைகளில் பழைய மாதிரி கிடைக்காமல் போனபோது, தம் பெயரிலேயே அந்த மாதிரியைச் செய்விக்க ஏற்பாடு செய்தார். எதிர்க் கரையில் பிரான்ஸின் மார்ஸெல் ம்யூல். 1942-இல் மறுபடி திறந்த பாரிஸ் வகுப்புக்கு ஆசிரியராக அமர்ந்தவர் அவர்தான். ஒளி வீசும் குரலும் மெல்லிய அசைவும் அவருடைய பாணி. இரு மேதைகளின் சிஷ்யர்களும் அரை நூற்றாண்டு ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். குருமார்கள் இருவருமே 2001-இல், தொண்ணூறு வயதைத் தாண்டிக் காலமானார்கள்.

யார் கட்சி நியாயம்? முதலில் நான் ராஷரின் பக்கம்தான் சாய்ந்தேன். எழுதியவன் நானிருக்க, என் வாக்கியத்தை வேறொருவர் திருத்தினால் எனக்குக் கோபம் வருமல்லவா? ஆனால் மேலும் படித்தபோது மனம் ஊசலாடியது.

ரீடையே எடுத்துக்கொள்ளுங்கள். தெற்குப் பிரான்ஸில், மத்தியதரைக் கடலோரத்து வார் மாவட்டத்தில் விளையும் ஒரு வகை நாணல் அது. இரண்டாம் வருஷத்துத் தண்டைக் குளிர்காலத்தில் வெட்டி, வெயிலில் காயவைத்து, பக்குவப்படுத்திச் சீவுவார்கள். பாரிஸ் ஆப்பராவில் கிளாரினெட் வாசித்த யூஜின் வான் டோரன் என்பவர் 1905-இல் தமக்கென்று சீவத் தொடங்கியது, பின்னர் பெரிய கம்பெனியாக வளர்ந்தது. எத்தனை யந்திரம் வந்தாலும் ஒரே தண்டில் எடுத்த இரண்டு ரீட் ஒன்றுபோல் இருப்பதில்லை. பத்து ரீட் கொண்ட பெட்டியில் மூன்று தேறினால் வித்வான் சந்தோஷப்படுகிறார்.

அதற்கும் அப்பால், வித்வானின் தொண்டை இருக்கிறது. ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 2008-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். வாசிப்பவர்களின் வாய்க்குள் நடப்பதை மவுத்பீஸ் வழியாகவே அளந்தார்கள். மிக உயர்ந்த ஸ்வரங்களை வாசிக்கும்போது, தேர்ந்தவர்கள் தங்கள் வாயையும் தொண்டையையும் அந்த ஸ்வரத்துக்கு ஏற்றபடி சுருதி கூட்டிக்கொள்கிறார்கள். கற்றுக்குட்டிகளால் அது முடியவில்லை. அந்த ஸ்வரங்களும் அவர்களுக்கு வரவில்லை. ஆகக் குழாய் மவுத்பீஸோடு முடிவதில்லை, மனிதனுக்குள்ளேயும் நீள்கிறது.

உலோகம், மரம் என்ற பேச்சும் அவ்வளவு பெரிதில்லை என்கிறார்கள். உட்புற வடிவம்தான் முக்கியம். 1953 மே 15-ஆம் தேதி டொராண்டோ நகரில் ஒரு பிரசித்தி பெற்ற கச்சேரி நடந்தது. சார்லி பார்க்கர் அன்று வாசித்தது பித்தளை அல்ல. கிராப்டன் என்ற பிளாஸ்டிக் ஸாக்ஸபோன். ஒலிப்பதிவைக் கேட்டவர்கள் பார்க்கரைத்தான் கேட்டார்கள், பிளாஸ்டிக்கைக் கேட்கவில்லை.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். மங்களூர்ப் பக்கத்து நாதஸ்வர வித்வான் ஒருவரின் மகன் கத்ரி கோபால்நாத். மைசூர் அரண்மனை பாண்டில் இந்த வாத்தியத்தைக் கேட்டு மனசைப் பறிகொடுத்தார். சாவிகள் நிறைந்த, ஸ்வரங்களைத் தனித்தனியாக நிறுத்தி வைத்த ஒரு கருவியில் கமகம் எங்கிருந்து வரும் என்று கேட்டார்கள். உதட்டில் ரீடை இறுக்கியும் தளர்த்தியும், வருஷக் கணக்காகச் சாதகம் செய்து அதை வரவழைத்தார். 1994-இல் 'டூயட்' படத்தின் மூலம் தமிழ்நாட்டு வீடுகளிலெல்லாம் அந்தக் குரல் புகுந்தது. 2019-இல் அவர் மறையும்வரை, அது பாண்டு வாத்தியம் என்று யாரும் அவர் முன்னே சொல்லியிருக்க முடியாது. அந்தக் குரலையும் ஸாக்ஸ் கேட்டதில்லை. கேட்டிருந்தால் வழக்குப் போட்டிருப்பாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெட்டிய நுனியைப் பிறர் வாய்க்கு விட்டுத்தானே அவர் வாத்தியத்தைச் செய்தார்? நுனி முழுதாக இருந்திருந்தால், அது யாராலும் ஊத முடியாத அழகான பித்தளைக் கூம்பாக இருந்திருக்கும்.

மாடிப் பையனின் வாத்தியார் பெட்டியைக் குடைந்து, பழைய கறுப்பு எபனைட் மவுத்பீஸ் ஒன்றைக் கொடுத்தார். பார்வைக்குச் சுமார்தான், உள்ளே நல்ல வயிறு. அன்று மாலை கீழ் ஸட்ஜம் வந்தது. நான் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். மேல் ஸட்ஜமும் வந்து அதோடு அழகாகச் சேர்ந்தது.

இப்போது வாத்துக் கத்தவில்லை. மாலை வேளைகளில் சங்கீதம் கேட்கிறது. அதனால் என் அத்தியாயம் முன்னைவிடத் தாமதமாகிறது. பத்திரிகை ஆசிரியருக்கு மட்டும் காரணத்தை இன்னும் நான் சொல்லவில்லை.