யாழ்ப்பாணத்துச் சைவக் கல்விச்சாலைகளின் தோற்றம்

கல்வியும் சமயமும் உடலும் உயிரும்போல் ஒன்றியிருந்த நாடு யாழ்ப்பாணம். ஆசிரியர் இல்லத்துத் திண்ணையே ஆங்குப் பள்ளிக்கூடம், மணலே ஏடு. அரிச்சுவடியில் தொடங்கி நீதிநூல், நிகண்டு, புராணம், இலக்கணம் என மாணாக்கர் படிப்படியே ஏறுவர். 1658-இல் அந்நாட்டைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கோயிற்பற்றுதோறும் பாடசாலை வைத்துத் தம் சமயத்தையே கற்பித்தனர். பிள்ளைகள் பகலில் ஆங்கே படித்தும், வீட்டில் திருநீறணிந்தும் வந்தமையின், சைவம் உள்ளே ஒடுங்கி நின்றதேயன்றி மாய்ந்திலது.

ஆங்கிலேயர் ஆட்சியில், 1816-ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனரிமார் வந்திறங்கித் தெல்லிப்பழையில் பணி தொடங்கினர். 1823-இல் வட்டுக்கோட்டையில் செமினரி என்னும் உயர்கல்விச்சாலை நிறுவப்பெற்றது. அதன் முதற்றலைவர் தானியேல் பூவர் என்பார். மறு ஆண்டு உடுவிலில் பெண்பிள்ளைகட்கு விடுதிப்பாடசாலை எழுந்தது. வட்டுக்கோட்டையில் ஆங்கிலத்தோடு தமிழும், கணிதமும், வானநூலும் கற்பிக்கப்பட்டன. 1857-இல் நிறுவப்பெற்ற சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாகிய கறல் விசுவநாதபிள்ளையும், சி. வை. தாமோதரம்பிள்ளையும் அச்சாலையிற் பயின்றவரே. பின்னாளிற் கலித்தொகையைப் பதிப்பித்துத் தமிழுலகிற்கு உதவியவர் அத் தாமோதரம்பிள்ளையே. அச்சாலைத் தலைவருள் ஒருவராகிய ஹொய்சிங்றன், சிவஞானபோதம், சிவப்பிரகாசம், தத்துவக்கட்டளை என்னும் மூன்றையும் ஆங்கிலத்திற் பெயர்த்தமையும் ஈண்டு நினைக்கற்பாலது. ஆகலின், அச்சாலைகளால் தமிழுக்கு நன்மையே விளைந்திலது என்பார் கூற்று நடுநிலையன்று.

எனினும், அக்கல்விக்கு ஒரு விலை இருந்தது. கற்க வந்த பிள்ளை தன் முன்னோர் வழிபாட்டை இகழக் கேட்டே கற்கவேண்டுவதாயிற்று. பொருளும் உத்தியோகமும் ஆங்கிலத்தின் வழியே வருதலின், பெற்றோர் அவ்விலையைக் கொடுக்கவும் துணிந்தனர். சைவர்க்கெனத் தக்க பாடசாலை இன்மையே இவ்விடருக்குக் காரணம் என்பதனைத் தெளியக் கண்டவர் நல்லூர் ஆறுமுக நாவலர்.

1822-இற் பிறந்த நாவலர் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராகி, பார்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்றவர். பிறர் பாடசாலை நடாத்தும் முறையை உள்ளிருந்து கண்டமையே அவர்க்குக் கருவியாயிற்று. 1848-இல் அவ்வேலையைத் துறந்தார். அவ்வாண்டே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலை தோன்றிற்று. வகுப்பு முறையும், அச்சிட்ட பாடநூலும், உரைநடையும் மிஷன் சாலைகளிற் கண்டவை, உள்ளீடு சைவம். பாலபாடங்களும் சைவவினாவிடையும் அத்தேவையினின்றும் பிறந்தன. அவரைத் திருவாவடுதுறை ஆதீனம் 1849-இல் "நாவலர்" என்னும் பட்டத்தாற் சிறப்பித்தது. 1864-இற் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை நிறுவினார்.

ஆங்கிலமும் சைவச்சூழலிற் கற்பிக்கப்படல்வேண்டும் என்று கருதி 1872-இல் அவர் தொடங்கிய ஆங்கில வித்தியாசாலை பொருண்முட்டுப்பாட்டாற் சில ஆண்டுகளில் நின்றுவிட்டது. 1879-இல் நாவலர் சிவபதம் அடைந்தார். அவர் இட்ட வித்தோ பட்டுப்போயிற்றிலது. 1888-இற் சைவபரிபாலன சபை தோன்றிற்று; 1890-இல் அச்சபையின் ஆதரவில் யாழ்ப்பாணம் இந்துக்கல்லூரி நிலைபெற்றது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913-இல் மருதனார்மடத்திற் பெண்கட்கும், 1921-இற் றிருநெல்வேலியிற் பரமேசுவரக்கல்லூரியை ஆண்கட்கும் அமைத்தார். பரமேசுவரக்கல்லூரி இருந்த இடத்திலேயே 1974-இற் பல்கலைக்கழக வளாகம் எழுந்தது.

1960-ஆம் ஆண்டு முதலாக உதவிபெறும் பாடசாலைகளுட் பெரும்பாலனவற்றை அரசினர் ஏற்றுக்கொண்டனர். ஆயின், பாடசாலையை அரசினர் ஏற்கலாம். பிள்ளைக்குத் திருநீற்றின் பொருளை அறிவுறுத்தும் கடனை அரசினர் ஏற்பாரல்லர். அது பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் உரியது. பிறர் சாலையை வைதுகொண்டிராது தாமே ஒரு சாலை எடுத்தமையே நாவலர் காட்டிய நெறி. பழியினும் பணியே சமயத்தைக் காக்கும் என்பது இவ்வரலாற்றால் அறியக்கிடக்கின்றது.