அரண்மனை அச்சோவியங்கள், 18ஆம் நூற்றாண்டு

செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து, மையிட்டுத் தாளில் எடுக்கும் கட்டட ஓவியங்கள். இத்தாலியரான பிரனேசி 1743இல் வெளியிட்ட தொகுப்பில் மாளிகை, பாலம், சிறை எல்லாமே கற்பனை.

தமிழகத்துக்கு நெருக்கமானவை ஆங்கிலேய ஓவியர்களான தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் வெளியிட்டவை. 1792இல், பாப்பிரெட்டிப்பட்டிப் பகுதியும் அடங்கிய பாராமகால் வட்டாரம் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு மாறிய ஆண்டில், அவர்கள் அவ்வட்டார மலைக்கோட்டைகளை வரைந்தபடி தெற்கே மதுரைவரை சென்றனர். அங்கே திருமலை நாயக்கர் மகாலையும் வரைந்தனர். 1795 முதல் 1808 வரை லண்டனில் வெளிவந்த அவர்களது 144 படங்களில் மகாலும் பாராமகாலின் இராயக்கோட்டையும் உண்டு.

டேனியல்களின் முறையில், தகட்டில் பிசின் தூளைப் படியவைத்து அமிலத்தில் இடுவார்கள். அரிப்பு ஆழமாக ஆக, அந்த இடம் அச்சில் கருமையாகும். தூண்களுக்கிடையே திரளும் நிழல் இப்படி வருவதே. இவ்வகைப் படங்களில் கட்டடத்தின் அடியில் நிற்கும் சிறு மனித உருவங்களை முதலில் பார்க்க வேண்டும். உயரம் பற்றிய நம் வியப்பு அவற்றை வைத்தே எழுகிறது. அவற்றைச் சிறிதாக்கினால் தூண் வளர்ந்துவிடும். டேனியல்கள் பிரனேசியைப்போல் கட்டடத்தைப் புனையவில்லை. ஆனால் நிற்கும் இடம், ஒளி, ஆட்கள் ஆகியவை அவர்களது தேர்வு. ஆகவே இவற்றை அளவெடுத்த வரைபடமாகக் கொள்வது தவறு.

மகாலின் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது. மதுரை செல்வோர் படத்தைக் கையில் வைத்துத் தூண்வரிசையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.