ரோசாக் கடற்காகத்தின் வீடு

மே மாதத்தின் முதல் சனிக்கிழமை, ஒஸ்லோவுக்கு வடகிழக்கே றூமெரிக்கெ வயல்வெளியில், ஓர் உழவு இயந்திரத்தைப் பார்த்தபடி மூன்று மணித்தியாலம் நின்றோம். வயலுக்குள் இறங்கவில்லை. விதைப்புக் காலத்தில் அடுத்தவன் வரம்பில் கால் வைப்பது இங்கேயும் மரியாதை இல்லை. தெருவோரத்தில் காரை நிறுத்தி, முக்காலியில் தொலைநோக்கியை ஏற்றி வைத்துக்கொண்டு நின்றோம். எங்களைப்போல இன்னும் நாலைந்து பேர் நின்றார்கள். ஒருவரும் அதிகம் பேசவில்லை.

உழவு இயந்திரம் மண்ணைப் புரட்டப் புரட்ட, புழு பொறுக்க வெள்ளை வெள்ளையாகப் பறவைகள் இறங்கின. ஊரில் கொக்குகள் செய்கிற வேலையை இங்கே கடற்காகங்கள் செய்கின்றன. பெரும்பாலானவை கருந்தலைக் கடற்காகங்கள். மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மாரியில் வருகிற பழுப்புத்தலைக் கடற்காகத்தின் நெருங்கிய உறவுகள். அவற்றுக்குள் ஒரு கருங்கடல் கடற்காகம் நிற்கிறது என்று முதல்நாள் மாலை யாரோ கண்டு சொல்லியிருந்தார்கள். தலை மற்றவற்றைப்போல மண்ணிறம் இல்லாமல் மைக்கறுப்பாக இருக்கும், சிறகு நுனியில் கறுப்பே இருக்காது. அவ்வளவுதான் வித்தியாசம். நூற்றுக்கணக்கான பறவைகளில் அந்த ஒன்றைத் தேடினோம். கிடைக்கவில்லை.

என்னை அங்கே கூட்டிப்போனவர் ஒரே வேலைத்தலத்தில் என்னோடு நெடுங்காலம் நின்ற நோர்வேஜிய நண்பர். திரும்பும்போது, சாவதற்கு முன் ஒரே ஒரு கடற்காகத்தைப் பார்க்கலாம் என்றால் எதைக் கேட்பீர்கள் என்று அவரிடம் கேட்டேன். யோசிக்காமல் "றூசன்மோக" என்றார். ரோசாக் கடற்காகம். ஆங்கிலத்தில் றோஸ் என்பவரின் பெயரால் அழைக்கப்படும் பறவை. நான்சனின் பறவை, பிக்தோயில் நிற்கும் கப்பலைப் போய்ப் பார் என்றும் சொன்னார். அந்தக் கப்பலைப் பிள்ளைகளோடு இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். அதற்குப் பின்னால் ஒரு பறவையின் கதை இருப்பது எனக்குத் தெரியாது.

1823 யூன் மாதம், இன்றைய கனடாவின் மெல்வில் தீபகற்பத்தில், வடமேற்குக் கடல்வழி தேடிப்போன பாரியின் பயணக்குழுவில் இருந்த ஜேம்ஸ் கிளார்க் றோஸ் ஒரு சின்னக் கடற்காகத்தைச் சுட்டார். நெஞ்சில் இளஞ்சிவப்பு, கழுத்தைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம், ஆப்புப்போன்ற வால். அதற்கு முன் விஞ்ஞானிகள் அறியாத இனம். அதன்பின் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காணப்பட்டதே தவிர, அது எங்கே கூடு கட்டுகிறது என்பது தெரியவரவில்லை. 1881 இலையுதிர்காலத்தில் அலாஸ்காவின் பொயின்ற் பரோவில் இந்தப் பறவைகள் கூட்டம் கூட்டமாகக் கடந்துபோனதைக் கண்டார்கள். எங்கிருந்து வந்தன, எங்கே போயின என்று சொல்ல அங்கேயும் யாரும் இல்லை.

ஃப்ரிட்யோஃப் நான்சன் 1861இல் இன்றைய ஒஸ்லோவின் எல்லைக்குள் பிறந்தவர். நாடுகாண் பயணி என்றே அவரை அறிந்திருக்கிறோம், ஆனால் படிப்பால் விலங்கியலாளர். 1893 யூலை 21ஆம் திகதி ஃபிராம் கப்பலில் வார்டோவிலிருந்து புறப்பட்டார். கப்பலை வேண்டுமென்றே பனிக்கட்டிக்குள் உறையவிட்டு, பனியின் நகர்வோடு வடதுருவத்தை நோக்கி மிதந்துபோவது அவருடைய திட்டம். அடுத்த ஆண்டு ஓகஸ்ட் 3ஆம் திகதி, 81 பாகை வட அகலாங்குக்கு அண்மையில், மூன்று ரோசாக் கடற்காகங்களைச் சுட்டார். அந்தப் பனிவெளிக்குள் நுழைந்த காலந்தொட்டே இந்தப் பறவையைக் காண ஆசைப்பட்டதை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். சுட்டவை எல்லாம் அந்த வருடத்துக் குஞ்சுகள், ரோசா நிறம் இன்னும் ஏறாதவை. அப்படியென்றால் கூடு எங்கேயோ இருக்க வேண்டும்.

1895 மார்ச்சில் நான்சனும் யொஹான்சனும் கப்பலை விட்டிறங்கி, நாய்வண்டிகளோடு நடந்து, 86 பாகை தாண்டிப்போய்த் திரும்பினார்கள். யூலையில் பிரான்ஸ் ஜோசப் நிலத்தை நெருங்கும்போது ரோசாக் கடற்காகங்களை அடிக்கடி கண்டார்கள். அங்கே கண்ட சிறு தீவுகளுக்கு அண்மையில்தான் அதன் வீடு இருக்க வேண்டும் என்று நான்சன் நினைத்தார். பனியில் காண்கிற பறவை பனியில்தானே பிறந்திருக்கும்? நியாயமான ஊகம். ஆனால் பிழை.

1905இல் செர்கேய் புதூர்லின் என்ற ரஷ்யப் பறவையியலாளர், வடகிழக்குச் சைபீரியாவின் கொலிமா ஆற்றுப் பிரதேசத்துக்கு உணவு விநியோகத்தைக் கவனிக்கும் அரசாங்க அலுவலாகப் போனார். ஆறு கடலில் சேரும் கழிமுகத்தின் சதுப்பு நிலத்தில், புல்லும் தேங்கிய நீரும் நிறைந்த இடத்தில், ரோசாக் கடற்காகங்கள் முட்டையிட்டு அடைகாப்பதைக் கண்டார். றோஸ் சுட்டு 82 ஆண்டுகள் ஆகியிருந்தன. கோடையில் சேற்றிலும் கோரைப்புல்லிலும் குஞ்சு பொரித்துவிட்டு, பிறகுதான் அந்தப் பறவை வடக்கே பனிக்கடலுக்குப் போகிறது. எல்லோரும் தேடியது அது போகிற இடத்தில். அதன் வீடு அதற்குத் தெற்கே, மனிதர் மீன்பிடித்து வாழும் ஆற்றங்கரையில் இருந்தது.

இந்த இடத்தில்தான் எனக்கு யோசனை வந்தது. கொலிமாவில் வாழ்ந்தவர்கள் ஒவ்வொரு யூன் மாதமும் அந்தப் பறவையைத் தலைக்குமேல் கண்டிருப்பார்கள். அவர்களுக்கு அது அரிய பறவை அல்ல, கோடை வந்ததைச் சொல்லுகிற பறவை. இலண்டனிலும் கிறிஸ்தியானியாவிலும் இருந்தவர்களிடம் அந்தச் செய்தி வந்து சேரவில்லை, அவ்வளவுதான். தாங்கள் அறியாத வீட்டை, இல்லாத வீடுபோல அவர்கள் எழுதினார்கள்.

நான்சனின் கதை இங்கே முடியவில்லை. 1921இல் சர்வதேச சங்கம் அவரை அகதிகளுக்கான உயர் ஆணையாளராக நியமித்தது. ரஷ்யப் புரட்சியையும் உள்நாட்டுப் போரையும் தப்பி, கருங்கடலைக் கடந்தும் தரைவழியாகவும் இலட்சக்கணக்கானோர் வெளியேறியிருந்தார்கள். அந்த டிசெம்பரில் சோவியத் அரசு அவர்களில் பெரும்பாலானோரின் குடியுரிமையைப் பறித்தது. ஒரு நாளில் அவர்கள் எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லாமல் போனார்கள். வேலைக்காகவோ உறவினரைத் தேடியோ எல்லை கடக்க அவர்கள் கையில் தாள் இல்லை. 1922 யூலையில் ஜெனீவாவில் அவர்களுக்கென ஓர் அடையாளப் பத்திரம் உருவானது. அதுதான் நான்சன் கடவுச்சீட்டு. பின்னர் ஆர்மேனியருக்கும் அது கொடுக்கப்பட்டது. 50க்கு மேற்பட்ட நாடுகள் ஏற்றுக்கொண்டன. சுமார் 450,000 பேர் பெற்றதாகக் கணக்கு. இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியும் ஓவியர் ஷகாலும் அந்தத் தாளோடு எல்லை கடந்தவர்கள். அந்த ஆண்டே நான்சனுக்குச் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அந்தத் தாளில் ஒரு குறை இருந்தது. முதலில் வந்த பத்திரம் ஒருவர் புறப்பட உதவியது, ஆனால் அதைக் கொடுத்த நாட்டுக்கே திரும்பி வரும் உரிமையைத் தரவில்லை. 1926இல்தான் அது ஓரளவு திருத்தப்பட்டது. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின்படி இன்று வழங்கப்படும் பயண ஆவணம் நான்சன் தாளின் நேர் வாரிசு.

அந்த வாரிசைப் பல வருடங்கள் நானும் சட்டைப்பையில் வைத்திருந்தேன். அதில் எழுதியிருந்தது: இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் செல்லுபடியாகும். காரணம் எனக்கு விளங்காமல் இல்லை. பயந்து ஓடிவந்த இடத்துக்கு நீயாகப் போகமாட்டாய் என்பது சட்டத்தின் தர்க்கம். ஆனால் அம்மாவின் செத்தவீட்டுச் செய்தி வந்த இரவில் அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். உலகம் முழுவதும் திறந்திருந்தது. ஒரே ஒரு வீட்டுக்குப் போக முடியவில்லை.

எண்பதுகளில் எங்கள் ஆட்கள் பலர் பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளுக்குத்தான் முதலில் போனார்கள். போட்ஸ்பியூரில் மீன் வெட்டி, பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கி வந்தவர்கள் இந்த இதழின் வாசகர்களிலும் இருப்பீர்கள். ஃபிராம் புறப்பட்ட வார்டோ அதற்கு அயல் ஊர். 1896 ஓகஸ்ட் 13ஆம் திகதி நான்சன் உயிரோடு திரும்பி வந்து இறங்கியதும் அதே வார்டோவில். மீன் கழிவுக்குக் கத்திக்கொண்டு வந்த கடற்காகங்களை அந்தக் காலத்தில் நாங்கள் பார்த்திருக்கிறோமே தவிர, பெயர் கேட்டதில்லை. அந்த ஊர்க்காரரும் எங்களை முதலில் அப்படித்தான் பார்த்தார்கள். எங்கிருந்தோ வந்து கூட்டமாக நிற்பவர்கள் என்று. எங்களுக்கும் ஒரு ஒழுங்கையும் கிணற்றடியும் இருந்தது என்பதை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லவேண்டியிருந்தது.

பறவை பார்க்கிறவர்கள் இப்போது துவக்கு எடுத்துப்போவதில்லை. 1975 தொடக்கத்தில் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் கரையில் ஒரே ஒரு ரோசாக் கடற்காகம் வந்து நின்றபோது, அதைப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். ஒருவரும் சுடவில்லை. 1980இல் கனடாவின் சேர்ச்சில் பகுதியில் அதன் கூடுகள் கண்டுபிடிக்கப்பட்டன. றோஸ் முதல் பறவையைச் சுட்ட அதே நாட்டில், 157 ஆண்டுகளுக்குப் பிறகு.

அன்று றூமெரிக்கெயிலிருந்து திரும்பும் வழியில் நண்பர் இன்னொன்றும் சொன்னார். நாங்கள் ஒன்றைத் தேடி மற்றவற்றை ஒதுக்கிப் பார்த்தோமே, அந்தச் சாதாரணக் கருந்தலைக் கடற்காகம் 2021இல் வெளிவந்த நோர்வேயின் சிவப்புப் பட்டியலில் மிக ஆபத்தான நிலையில் உள்ள இனமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஒஸ்லோவுக்குள்ளேயே ஒஸ்தென்ஷோ ஏரியில் அவை கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. என் பிள்ளைகள் சின்ன வயதில் பாண் துண்டு போட்ட அதே ஏரி. அவை எக்காலமும் அங்கே நிற்கும் என்று நினைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு மகளையும் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். இரைச்சல் தெருவரை கேட்டது. இந்த முறை வேறொன்றையும் தேடவில்லை. கரையில் நின்று, அடையிருந்த பறவைகளை இருவரும் ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினோம்.