மூன்றில் ஒரு பங்கு வாக்கு

1970 செப்டம்பர் 5 அன்று மாநிலங்களவையில் மன்னர் மானிய ஒழிப்பு மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 149, எதிர்ப்பு 75. ஏறத்தாழ இரு மடங்கு ஆதரவு பெற்றும் மசோதா தோற்றது.

சமஸ்தானங்கள் இந்திய ஒன்றியத்தில் இணைந்தபோது மன்னர்களுக்கு அளிக்கப்பட்ட ஆண்டு மானிய உறுதிமொழியை அரசமைப்புச் சட்டத்தின் 291ஆம் பிரிவு காத்து நின்றது. அதை நீக்க 368ஆம் பிரிவு இரு நிபந்தனைகளை விதித்தது. ஒவ்வோர் அவையிலும் மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேற்பட்டோர் ஆதரிக்க வேண்டும். வந்திருந்து வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கினரும் ஆதரிக்க வேண்டும். 224 பேரில் மூன்றில் இரு பங்கு 149.33. மனிதரைப் பின்னமாக்க இயலாதாகையால் 150 தேவைப்பட்டது. எதிர்த்தோரில் ஒருவர் வாக்களிக்காது இருந்திருந்தால் 149 போதியதாகியிருக்கும்.

மறுநாளே குடியரசுத் தலைவர் ஆணையின் மூலம் மன்னர்களுக்கான அங்கீகாரம் ரத்து செய்யப்பட்டது. நாடாளுமன்றத்தில் கிட்டாததை நிர்வாக ஆணையால் பெற முனைந்த அம்முயற்சியை, 11 நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு டிசம்பர் 15 அன்று பெரும்பான்மைத் தீர்ப்பால் செல்லாததாக்கியது. அம்மாத இறுதியில் மக்களவை கலைக்கப்பட்டது. 1971 மார்ச் தேர்தலில் இந்திரா காந்தியின் காங்கிரஸ் 352 இடங்களை வென்றது. அவ்வாண்டு டிசம்பரில் 26ஆம் திருத்தம் மானியத்தை முறைப்படி ஒழித்தது.

சிறுபான்மையினர் பெரும்பான்மையை ஆள இவ்விதி இடமளிக்கிறது என்னும் வாதம் பாதியே உண்மை. 75 பேரால் தடுக்க முடிந்தது. மாற்று முடிவெடுக்க முடியவில்லை. அத்தடையும் 16 மாதங்களுக்குள் நீங்கிற்று. இடைப்பட்ட காலத்தில் மக்களின் தீர்ப்பும் கேட்கப்பட்டது.

ஆயினும் இவ்விதியின் காவல் அதன் எண்ணில் மட்டும் இல்லை. 1976 நவம்பரில், நெருக்கடி நிலையின்போது, 42ஆம் திருத்தம் இதே வரம்பை எளிதில் கடந்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தனர். வெளியிலிருந்தோரில் பலர் விவாதத்தைப் புறக்கணித்தனர். சிறையிலிருந்த உறுப்பினர் மொத்த எண்ணிக்கையில் இடம்பெறுவார். 'வந்திருந்து வாக்களிப்போர்' என்னும் தொடருக்குள் வாரார். அவையில் அமர்ந்து எதிர்த்து வாக்களிக்கும் ஒருவரை ஈடுசெய்ய இருவரின் ஆதரவு வேண்டும். வர இயலாதவரை ஈடுசெய்ய எவரும் வேண்டா. மூன்றில் இரு பங்கு என்னும் மதிலுக்கு எதிர்க்கட்சியினரின் சுதந்திரமே அடித்தளம்.